மவாலே தீவுக்கு வந்த கேட்டறியும் குழு

உலகத்தில் கவனிப்பாரில்லாத நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கவனித்துக்கொள்வதற்கென்றே ஐரோப்பாவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றும் இருக்கிறது. ‘கவனிப்பாரற்ற நோய்களுக்கான அகில உலகப் பேரவை’ என்று வாசலில் பித்தளை எழுத்தில் பொறித்திருப்பார்கள். பித்தளையைத் தினமும் துடைக்க ஆள் உண்டு. பட்டியலில் இடம் பிடிப்பது சாமானியப்பட்ட காரியமில்லை. எத்தனையோ நோய்கள் வருஷக்கணக்காக வெளியே காத்துக் கிடக்கின்றன. உள்ளே வந்துவிட்ட நோய்க்கோ பிறகு ஒரு குறையும் வராது, யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

மவாலே தீவுக் கல்தொங்காவுக்கு இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது புல். தீவின் விமானத் தளம் என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் தென்னந்தோப்புமாக நீண்டு கிடக்கிற புல்வெளி. நிலம் அவன் குடும்பத்துடையது, புல்லை வெட்டுவது அவன் வேலை. வெட்டினால் தலைநகரான விலாவிலிருந்து ஒன்பது பேர் உட்காரும் விமானம் வாரம் ஒருமுறை வந்து இறங்கும். வெட்டாவிட்டால் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அவன் மகள் லெய்வியாவுக்கு எட்டு வயது. முழங்காலுக்குக் கீழே அத்திப்பழத்தைப் பிட்டு வைத்தாற்போல ஒரு புண், இரண்டு உள்ளங்காலிலும் இரண்டிரண்டு. நம் பக்கத்தில் அந்தக் காலத்தவர்கள் பறங்கிப்புண் என்பார்களே, அந்த வகை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளைத்தான் தேடிப் பிடிக்கும். பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் விளிம்பால் நடந்து பழகியிருந்தாள் அவள்.

“அப்பா, நண்டு நடக்குது பாரு!” என்று அவளே தன்னைக் கேலி செய்துகொள்வாள். அவன் சிரிப்பான். சிரித்துவிட்டுத் தோப்புக்குப் போய் நின்றுகொள்வான்.

ஒற்றை அறை மருந்தகத்தில் சிஸ்டர் ஒலின் லெய்வியாவின் காலைப் பிடித்து எலும்பை அமுக்கிப் பார்த்தாள். பிள்ளை வீரிட்டது.

“அண்ணே, இது பெரிய வியாதியே இல்ல. இவ வயசுக்கு ரெண்டு மாத்திரை. ஒரே ஒரு தடவ. முழுங்கினா ரெண்டு வாரத்துல காஞ்சு உதிந்துரும்.”

“முழுங்கலைன்னா?”

“எலும்புல எறங்கிரும். எறங்க ஆரம்பிச்சாச்சு. விட்டா கால் வில்லு மாதிரி வளஞ்சு போகும். வளஞ்சத எந்த மாத்திரையும் நிமித்தாது.”

“அப்பக் குடுங்க சிஸ்டர்.”

“வச்சுக்கிட்டா இல்லைங்கறேன்? அலமாரியத் தெறந்து நீங்களே பாருங்க. கட்டுப்போடற துணி இருக்கு, ஒரு கத்திரி இருக்கு, போன வருஷத்துக் காலண்டர் இருக்கு.”

சிஸ்டர் ஒலின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. பேரவைக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தாள். முதல் கடிதத்துக்கு, ‘தங்கள் ஆர்வம் எங்களை நெகிழ வைத்தது’ என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு வந்த பதிலில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் மவாலே தீவு பச்சையாக இருந்தது. பச்சை என்றால் நோய் இல்லை என்று பொருள். ஆகவே அவள் கண்ணால் பார்க்கும் புண் அந்தப் புண்ணாக இருக்க வழியில்லை என்று பணிவுடன் தெரிவித்திருந்தார்கள். மூன்றாவது கடிதத்தில், பச்சையைச் சிவப்பாக மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்டாள். பரிசோதனைப் பெட்டியால் ரத்தத்தைச் சோதித்து அனுப்ப வேண்டும் என்றார்கள். பெட்டியை அனுப்புங்கள் என்றாள். பெட்டி சிவப்புத் தீவுகளுக்கு மட்டுமே அனுப்பப்படும் என்றார்கள். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். ஓட்டையே இல்லை. அவ்வளவு கச்சிதமாகச் செய்திருந்தார்கள், படுபாவிகள்.

அதன்பிறகு, யாரும் கேட்காமலே நான்காவது கடிதம் வந்தது. பேரவையின் இயக்குநர் அம்மாளே நேரில் வருகிறாராம். மக்களின் குரலைக் ‘கேட்டறியும் குழு’ ஒன்று அவருடன் வருகிறதாம். புல்லை வெட்டி வைக்க வேண்டுமாம்.

“மாத்திரை கொண்டு வர்றாங்களாமா?” என்றான் கல்தொங்கா.

“அதப் பத்தி ஒரு வரியும் இல்லண்ணே.”

“எழுத மறந்திருப்பாங்க. அவ்வளவு தூரத்துலேருந்து வந்து, இந்தப் புள்ளைங்க காலப் பாத்துட்டு, வெறுங்கையோட எவன் போவான்? மனுசன் போவானா?”

மனுஷன் போகமாட்டான் என்பதில் சிஸ்டர் ஒலினுக்கும் சந்தேகமில்லை. கல்தொங்கா மூன்று நாள் புல் வெட்டினான். கல்யாணப் பந்தலுக்குக்கூட அவன் அப்படி உழைத்ததில்லை.

விமானம் வந்து நின்றது. முதலில் விமானி வில்லி குதித்தான். கல்தொங்காவின் தங்கையைக் கட்டிக்கொண்டவன். அதனால் ஊரே அவனைக் கேலி செய்யலாம், அவனும் ஊரைச் செய்வான்.

“என்ன மச்சான், புல்லுக்கு எண்ண தேச்சு விட்ருக்க போல! வழுக்கிட்டுக் கடல்லயே போயிருப்பேன்.”

பின்னாலேயே குழு இறங்கியது. இயக்குநர் அம்மாள் டாக்டர் ஸ்டால், வியூக ஆலோசகர் டன்கன், புகைப்படம் எடுப்பவர், புகைப்படம் எடுப்பதைப் பதிவு செய்பவர், இன்னும் இரண்டு பேர். அவர்கள் எதற்கு என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. மொழிபெயர்க்க விலாவிலிருந்து ஜெரோம் என்கிற பையன். பிறகு எட்டுப் பெட்டிகள் இறங்கின. பெட்டிகளைப் பார்த்ததும் கல்தொங்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. லெய்வியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். முதல் பெட்டியில் ‘யாரையும் பின்னே விடமாட்டோம்’ என்று எழுதிய துணிப் பதாகை. இரண்டாவதில் அதே வாசகம் எழுதிய தொப்பிகள். மூன்றாவதில் தண்ணீர்ப் புட்டிகள். பிறகு பைகள், பேனாக்கள், பதாகையை நட்டு வைக்கும் கம்பிகள், அழுத முகத்திலிருந்து சிரித்த முகம் வரை பொம்மை முகங்கள் வரைந்த அட்டைகள். எட்டாவது பெட்டியில் பதாகை காற்றில் பறந்தால் கட்டுவதற்குக் கயிறு.

“மாத்திரைப் பெட்டி எங்க?” என்றான் கல்தொங்கா.

ஜெரோம் மொழிபெயர்த்தான். இயக்குநர் அம்மாள் கனிவோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிக முக்கியமான கேள்வி. மருந்து என்பது இறுதிக் கட்டம். நாம் இப்போது முதற்கட்டத்துக்கான முன்தயாரிப்புக் கட்டத்தில் இருக்கிறோம். மருந்தைக் கையோடு கொண்டுபோனால் மக்கள் அதை வாங்கி விழுங்கிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். நாங்கள் பேசுவதைக் கேட்க ஒருவரும் உட்காருவதில்லை. இது எங்கள் முப்பது ஆண்டு அனுபவம்.”

ஜெரோம் கொஞ்ச நேரம் யோசித்தான். “இல்லைங்கறாங்க அங்கிள்” என்றான்.

ஆலமரத்தடியில் கேட்டறிதல் தொடங்கியது. கேட்டறிவதற்கு முன்னால் இயக்குநர் அம்மாள் ஒன்றரை மணி நேரம் பேசினார். புறக்கணிப்பின் வேதனையைத் தன்னைப்போல் உணர்ந்தவர் யாருமில்லை என்றார். பெரிய மாநாடுகளில் பெரிய நோய்களைக் கவனிக்கிறவர்களுக்கு நடு மண்டபத்தைக் கொடுத்துவிட்டு, தனக்குக் கழிவறைக்குப் பக்கத்து அறையைக் கொடுக்கிறார்கள் என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் இரக்கப்பட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

பிறகு பொம்மை முக அட்டைகள் வந்தன. கல்தொங்காவை நடுவில் உட்கார வைத்தார்கள்.

“ஒன்று முதல் பத்து வரையிலான அளவில், நீங்கள் எவ்வளவு புறக்கணிக்கப்பட்டதாக உணர்கிறீர்கள்?”

கல்தொங்காவுக்குப் புரியவில்லை. ஜெரோம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான்.

“காலைல எந்திரிச்சப்ப ஒரு மூணு இருக்கும்.”

“இப்போது?”

அவன் பெட்டிகளைப் பார்த்தான், தொப்பிகளைப் பார்த்தான். “இப்ப எட்டுக்கு மேல போகுது.”

இயக்குநர் அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். “ஒரே காலைப்பொழுதில் மூன்றிலிருந்து எட்டு! விழிப்புணர்வில் இப்படியொரு பாய்ச்சலை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை!” குழு கைதட்டியது. ஊர்க்காரர்களும் மரியாதைக்குத் தட்டினார்கள்.

புகைப்படக்காரருக்கு லெய்வியாவின் கால் பிடித்துப்போயிற்று. வெளிச்சத்தில் உட்காரவைத்து, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றார். புண்ணில் ஈ வந்து உட்கார்ந்தது. பிள்ளை கையை வீசி விரட்டியது.

“வேண்டாம், வேண்டாம். ஈ இருக்கட்டும் என்று சொல்லுங்கள்” என்றார் புகைப்படக்காரர்.

இதை ஜெரோம் மொழிபெயர்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். புகைப்படக்காரர் தானே பிள்ளையின் கையைப் பிடித்து மெல்ல மடியில் வைத்தார். மொழிபெயர்ப்பு இல்லாமலே கல்தொங்காவுக்குப் புரிந்துவிட்டது. மகளை வாரித் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

சமாதானம் செய்ய வியூக ஆலோசகர் டன்கன் வந்தார். நல்ல மனிதர்தான், மறைத்துப் பேசத் தெரியாதவர். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து, சுட்ட கல்லில் வேகவைத்த லப்லப் அப்போதுதான் வெந்து வந்திருந்தது. ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இயக்குநர் அம்மாள் மூன்றாம் முறையாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கோபப்படாதீர்கள் நண்பரே. தவறு உங்கள்மீது இல்லை, உங்கள் நோயின்மீது இருக்கிறது” என்றார் டன்கன். “மிக மிக மலிவாக இருக்கிறது. இரண்டு மாத்திரை, ஒரே தடவை, முடிந்தது. இதை எடுத்துக்கொண்டு நான் எந்தக் கொடையாளரிடம் போய் நிற்பது? அடுத்த வருடம் அவரிடம் என்ன சொல்வது? ஆயுள் முழுக்கத் தினம் ஒரு மாத்திரை என்றால் அந்த நோய்க்கு ஓர் எதிர்காலம் உண்டு. இதுவோ ஆளைக் கொல்லவும் மாட்டேன் என்கிறது. விமானம் ஏறிப் பணக்கார நாட்டுக்கு வந்து நாலு பேரைப் பயமுறுத்தவும் மாட்டேன் என்கிறது. ஏழைப் பிள்ளைகளை மட்டும் பிடித்துக்கொண்டு மூலையில் கிடக்கிறது. இப்படி முன்னேற்றத்தில் அக்கறையே இல்லாத நோயை வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்ய முடியும்?”

“அப்ப எம் பொண்ணு வேற நல்ல வியாதியாப் பாத்து வாங்கிக்கணும்கிறாரா?” என்றான் கல்தொங்கா.

ஜெரோம் இதையும் மொழிபெயர்க்கவில்லை. “சாப்பாடு பிரமாதம்னு சொல்றார்” என்று டன்கனிடம் சொல்லிவைத்தான்.

கல்தொங்கா கையைக் கழுவிக்கொண்டு ஊர்த் தலைவரிடம் போனான். தலைவர் அதிகம் பேசாதவர். “நெலம் உன்னது, புள்ள உன்னது. போடு” என்றார்.

நமேலே ஓலை என்று ஒன்று இருக்கிறது. ஈச்ச ஓலையைப் போல இருக்கும். அதை ஒரு கம்பில் கட்டி வழியில் நட்டுவிட்டால் அவ்வளவுதான், வழக்குத் தீர்கிறவரை அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது. கடை, பள்ளிக்கூடம், மீன் பிடிக்கும் துறை, எதை வேண்டுமானாலும் அந்த ஓலை மூடிவிடும். போலீஸ்காரரே வந்தாலும் ஓலையைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். கல்தொங்கா தளத்தின் நட்டநடுவில் ஓலையை நட்டான். நட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

குழு மூட்டை முடிச்சோடு வந்தது. இயக்குநர் அம்மாள் ஓலையைப் பார்த்து உருகிப்போனார்.

“எவ்வளவு அழகு! வழியனுப்பும் தோரணமா?” என்று ஓலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

வில்லி தொப்பியைக் கழற்றினான். “மச்சான், யாரு போட்டது?”

“நாந்தான்.”

“எதுக்கு?”

“எம் புள்ளைக்கு மாத்திரை. அது வராம இங்கேருந்து எதுவும் கெளம்பாது.”

“சரி” என்றான் வில்லி. விமானத்திலிருந்து ஒரு பாயை எடுத்து இறக்கையின் நிழலில் விரித்துப் படுத்துவிட்டான்.

“விமானி! என்ன இது? கிளம்ப வேண்டும்” என்றார் டன்கன்.

“ஓலை இருக்கு சார்.”

“அந்தச் செடியைப் பிடுங்கி ஓரமாகப் போடுங்கள்.”

“நானா? பொண்டாட்டி இந்த ஊருக்காரி சார். அதப் புடுங்கிட்டு நான் எந்த வீட்டுல போய்ச் சோறு திங்கறது?”

டன்கன் ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் மூன்று அடி பின்னால் போனான். இரண்டு நாள் கழித்து ஐரோப்பாவில் மாநாடு. இயக்குநர் அம்மாள்தான் தொடக்க உரை. நாளை மாலைக்குள் விலா போய்ச் சேராவிட்டால் பெரிய விமானம் தவறிவிடும். “நாமே எடுத்துவிட்டால் என்ன?” என்றார் புகைப்படக்காரர். இயக்குநர் அம்மாளின் முகம் வெளுத்தது. ‘உள்ளூர் மக்களின் தடைகளையும் சடங்குகளையும் பேரவை ஊழியர் எக்காரணம் கொண்டும் மீறலாகாது’ என்று பேரவைக் கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவர் அவரே. அந்தப் பக்கத்துக்காக அவருக்கு ஒரு விருதுகூடக் கொடுத்திருந்தார்கள்.

பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. தொப்பிகளை இரட்டிப்பாகத் தருகிறோம் என்றார்கள். கல்தொங்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினான். பிள்ளையின் படத்தை மாநாட்டில் மூன்று ஆள் உயரத்துக்கு வைக்கிறோம் என்றார்கள். அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஜெரோம் அதை “யோசிக்கிறேன் என்கிறார்” என்று மாற்றினான். கடைசியில் செயற்கைக்கோள் போனில் தலைமையகத்தைக் கூப்பிட்டு, மவாலேவுக்கு உடனே மாத்திரை அனுப்பச் சொன்னார் இயக்குநர் அம்மாள். அனுப்பலாம், ஆனால் பச்சைத் தீவுக்கு அனுப்பச் சிறப்பு அனுமதி வேண்டும் என்றது தலைமையகம். அனுமதியில் யார் கையெழுத்துப் போட வேண்டும்? இயக்குநர். அவர் எங்கே? களப்பயணத்தில் இருக்கிறார், திரும்பி வந்ததும் கோப்பை அவர் மேசையில் வைக்கிறோம்.

“நான்தான் இயக்குநர் பேசுகிறேன்!”

“மகிழ்ச்சி அம்மா. திரும்பி வந்ததும் வைக்கிறோம்.”

அன்றிரவு குழு பள்ளிக்கூடத்தில் படுத்தது. மறுநாள் காலை இயக்குநர் அம்மாள் கழிவறைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்ட லப்லப் அதன் வேலையைக் காட்டிவிட்டது. சிஸ்டர் ஒலின் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரோடு ஓடி வந்தாள். கல்தொங்காவும் லெய்வியாவைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். வழக்கு வேறு, வயிற்றுவலி வேறு.

“பயப்படாதீங்க மேடம், சரியாயிடும்” என்றாள் ஒலின்.

“என்னிடம் மருந்து இருக்கிறது” என்று முனகினார் இயக்குநர் அம்மாள். கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார், இரண்டைப் பிதுக்கினார், ஒலின் கொடுத்த தண்ணீரை ஊற்றி விழுங்கினார். அட்டையில் மிச்சம் ஒன்று இருந்தது. ஒலின் அதை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“மேடம், இது என்ன மாத்திரை?”

“பயண மருந்து. வெப்ப நாடுகளுக்குப் போகும்போது வயிற்றுக்காக எடுத்துப்போவோம்.”

“அண்ணே,” என்றாள் ஒலின். “இதான் அந்த மாத்திரை.”

“எந்த மாத்திரை?”

“லெய்வியாவுக்கு நான் சொன்னேனே, அதேதான். அச்சு அசலா அதே மாத்திரை. நேத்துலேருந்து இந்த அம்மா கைப்பைக்குள்ளதான் இருந்திருக்கு.”

ஜெரோம்தான் மெல்ல வாயைத் திறந்தான். “அந்த ஆறு பேர் பையிலயும் மூணு மூணு இருக்கு அங்கிள். மருந்தில்லாம ஒருத்தரும் வெளிநாடு கெளம்பக் கூடாதுன்னு பேரவையில விதி. ஒரு தடவ ஒருத்தர் மறந்துட்டார்னு பயணத்தையே நிறுத்திட்டாங்க.”

“தா” என்று கையை நீட்டினான் கல்தொங்கா.

இயக்குநர் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயிறு பிசைந்தாலும் கொள்கை பிசகவில்லை. “உங்கள் உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் இந்தத் தீவில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் புண் இருக்கிறது. உங்கள் மகளுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்களுக்கு அது அநீதி. யாரையும் பின்னே விடமாட்டோம் என்பது எங்கள் உறுதிமொழி. எனவே எல்லோருக்கும் கொடுக்க முடிகிற நாள்வரை ஒருவருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் சமத்துவம்.”

இந்த முறை ஜெரோம் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான்.

“அப்ப இப்ப நீங்க ரெண்டு முழுங்கினீங்களே,” என்றான் கல்தொங்கா, “அதுல யாரையும் பின்னால விடலியா? உங்க வயித்துக்கு ஒரு நியாயம், எம் புள்ள காலுக்கு ஒரு நியாயமா? ராத்திரியெல்லாம் எலும்பு வலிக்குதுன்னு அழறா. அவ அழறத எத்தன மாடிக் கட்டடத்துல உக்காந்து கேட்டறிவீங்க? குடுக்காட்டி இருங்க. இங்கயே இருங்க. லப்லப் நெறைய இருக்கு, வேளாவேளைக்குத் தர்றோம்.”

லப்லப் என்றதும் இயக்குநர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். டன்கன் கடிகாரத்தைப் பார்த்தார். தன் பையைத் திறந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். முப்பது ஆண்டுகளாக எந்தப் புண்ணும் செய்யாத வேலையைத் தவறப்போகும் ஒரு விமானம் செய்துவிட்டது.

கொடுப்பது என்று ஆனபிறகு, கொடுப்பதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சிகிச்சை என்று சொல்ல முடியாது, பச்சைத் தீவில் சிகிச்சைக்கு இடமில்லை. அரைமணி நேரம் விவாதித்து ‘கலாசாரப் பரிமாற்றம்’ என்று முடிவு செய்தார்கள். பதாகையை மறுபடியும் கட்டி, அதன்முன் நின்று பதினாறு மாத்திரைகளைச் சிஸ்டர் ஒலினிடம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கல்தொங்கா ஓலையைப் பிடுங்கினான். வில்லி பாயைச் சுருட்டினான்.

ஆளுக்கு இரண்டாக எட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வரும். தீவில் புண்ணோடு அறுபத்துமூன்று பிள்ளைகள். எலும்பில் இறங்கியவர்களாகப் பார்த்து எட்டு பேரைப் பொறுக்கினாள் ஒலின். லெய்வியா விழுங்கினாள். மீதி ஐம்பத்தைந்து பிள்ளைகளின் தாய்மார்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் கல்தொங்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இது பத்தாதுண்ணே,” என்றாள் ஒலின் பிறகு. “ஊரு மொத்தமும் ஒரே நேரத்துல முழுங்கணும். இல்லாட்டி பக்கத்து வீட்டுப் புள்ளகிட்டேருந்து திரும்ப ஒட்டிக்கும்.”

இரண்டு வாரத்தில் லெய்வியாவின் புண் காய்ந்து உதிர்ந்தது. பாதம் முழுக்க ஊன்றி அவள் கடற்கரையில் ஓடியதைப் பார்த்துக் கல்தொங்கா வாய்விட்டு அழுதான். இதைக் கேலி செய்ய என்னால் ஆகாது.

ஒரு மாதம் கழித்துப் பேரவையின் அறிக்கை வந்தது. வழவழப்பான தாளில், அட்டையிலேயே லெய்வியாவின் பழைய கால், ஈயோடு. ‘மவாலே: மக்களே முன்னின்று நடத்திய ஒட்டுமொத்தச் சிகிச்சை இயக்கம்’ என்று உள்ளே பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். ஓலையின் படமும் இருந்தது, கீழே ‘கோலாகல வரவேற்பு’ என்று போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் வரைபடம். மவாலே இப்போது வெறும் பச்சை இல்லை, கரும்பச்சை. கரும்பச்சைத் தீவுகளிலிருந்து வரும் கடிதங்களை இனிப் பிரிக்க வேண்டியதில்லை என்று அடிக்குறிப்பு சொன்னது.

நான்காம் மாதம் லெய்வியாவின் மற்றக் காலில், கணுக்காலுக்கு மேலே, ஒரு சின்ன மொட்டு தெரிந்தது. சிஸ்டர் ஒலின் அதைப் பார்த்தாள், கல்தொங்காவைப் பார்த்தாள்.

அந்த வாரமே மருந்தகத்துப் போன் அடித்தது. கல்தொங்கா எடுத்தான். ஜெரோம்.

“அங்கிள், நல்ல சேதி! உங்க தீவுக்கு நோய் ஒழிப்புப் பட்டயம் குடுக்கப் போறாங்க. தங்க எழுத்துல. அதுக்கு ஒரு விழா. புல்ல வெட்டி வையுங்க.”

கல்தொங்கா வாயில் வந்ததை விழுங்கினான்.

“எத்தன பேரு வர்றாங்க?”

“பதினோரு பேரு. ரெண்டு விமானம்.”

“அந்த வயித்துவலி மாத்திர… ஆளுக்கு மூணு எடுத்துட்டு வருவாங்கல்ல?”

“கண்டிப்பா. அது இல்லாம ஒருத்தரும் வரமாட்டாங்க அங்கிள். இந்தத் தடவ லப்லப் மட்டும் வேண்டாம்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஏன் கேக்கறீங்க?”

கல்தொங்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். “சிஸ்டர், ஊரு மொத்தமும் ஒரே நேரத்துல முழுங்கணும்னா எவ்வளவு வேணும்?”

ஒலினுக்குப் புரிந்துவிட்டது. விரலை மடக்கினாள். “முந்நூறு பேரு இருக்கோம். சின்னது பெருசு எல்லாம் சேத்துப் பாத்தா தலைக்கு மூணு மாத்திரை ஆகும்ணே.”

அவன் போனிலிருந்து கையை எடுத்தான்.

“ஜெரோமு, பதினோரு பேரு பத்தாதுப்பா. அம்மாகிட்டச் சொல்லு, விழாவப் பெருசா வைக்கணும்னு ஊரே ஆசப்படுது. முந்நூறு பேரக் கூட்டிட்டு வரச் சொல்லு.”